சுண்ணாம்பு

என் மகன் நரையோடு பிறந்தான். 1979 செப்டம்பரில், கடலூர் முதுநகரில், என் அக்கா வீட்டில். நரை என்பது சரியான சொல் அல்ல. நரையில் கறுப்பு இருந்துவிட்டுப் போன ஞாபகம் இருக்கும். இவன் தலைமயிர் ஆரம்பத்திலிருந்தே, துலக்காமல் வைத்துவிட்ட வெள்ளிப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. புருவமும் இமை மயிரும் அப்படித்தான். பிரசவம் பார்த்த நர்ஸம்மா விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குழந்தையைத் துணியில் சுற்றினாள். பார்க்க வந்த பெண்களும் தொட்டுப் பார்த்தார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலிருப்பது எங்கள் தெருவில் சாதாரண விஷயம் அல்ல.

அக்கா மட்டும் கலங்கவில்லை. "நம்ம அப்பாடா. திரும்பி வந்துட்டாருடா. தலையைப் பாரு, சூளையிலேருந்து நேரா எழுந்து வந்தாப்பல இருக்கு" என்றாள்.

அப்பாவுக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கம் கிளிஞ்சல் சூளை இருந்தது. வெள்ளாற்று முகத்துவாரத்தில் அரித்தெடுத்த கிளிஞ்சலை ஒரு அடுக்கு, கரியை ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு எரிப்பார்கள். வெந்து முடிந்த பிறகும் கிளிஞ்சல் உருவம் மாறாமல் இருக்கும். எடை மட்டும் பாதிக்குக் கிட்டத்தட்ட குறைந்திருக்கும். தண்ணீர் தெளித்தால் சீறி, புகைந்து, மாவாக உதிரும். அந்த மாவு அப்பாவின் தலையிலும் புருவத்திலும் காது மடலிலும் எப்போதும் இருந்தது. அவர் 1976-ல் இறந்து குளிப்பாட்டியபோதுதான் அவருக்குத் தலை இன்னும் பாதி கறுப்பு என்று தெரிந்தது. குழந்தைக்கு அவர் பெயரையே வைத்தோம்.

அக்கா என்று சொன்னேன். அவள் எனக்கு மாமியாரும்கூட. அவளுடைய மூத்த பெண்ணை 1977-ல் கட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் இதில் ஆச்சரியமில்லை. அக்கா மகள் இருக்கும்போது வெளியில் பெண் எடுத்திருந்தால்தான் நாலு பேர் காரணம் கேட்டிருப்பார்கள். என் மனைவி இன்றும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். தாய்மாமனும் புருஷனும் ஒரே சொல்லில் அடங்கிவிட்ட பாஷை இது. ஒரு சொல்லில் இரண்டு உறவு அடங்கினால், ஒரு உடம்பில் இரண்டு வழியாக ஒரே சங்கதி வந்து சேரவும் இடமுண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. இத்தனைக்கும் நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவன். கடலூரில் முப்பது வருஷத்துக்கு மேல் அதையே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன்.

ஏழாவது மாதம் காய்ச்சல் வந்தது. வந்தது போகவில்லை. மருந்துக்கு நாலு நாள் அடங்கி ஐந்தாம் நாள் திரும்ப வரும். உடம்பு வெளிறிக்கொண்டே போக, வயிறு மட்டும் பெரிதாயிற்று. இடது விலாவுக்குக் கீழே கைவைத்தால் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கடலூரில் பார்த்துவிட்டு, சிதம்பரத்தில் குழந்தைகளுக்குக் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு டாக்டரிடம் போனோம். அப்போது அது மீட்டர்கேஜ் பாதை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிறகு சிதம்பரம். வாரம் ஒருமுறை, சில வாரம் இரண்டு முறை. பரங்கிப்பேட்டை வரும்போது மனைவி குழந்தையை ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டுவாள். "அதோ உன் சூளை" என்பாள். அப்பாவுக்குப் பின் சூளை கைமாறி, அதையும் மூடியிருந்தார்கள். வண்டியில் எதிரே உட்கார்ந்தவர்கள் குழந்தையின் தலையைப் பார்த்துவிட்டு எங்கள் இருவர் தலையையும் பார்ப்பார்கள். ஒரு கிழவர் மாத்திரம், "பிள்ளை யோகக்காரன், பிறக்கும்போதே கிழவனாயிட்டான், இனிமே அவனுக்கு வயசாகாது" என்றார். நல்ல மனதோடு சொன்னது. பலித்துவிட்டது.

1980 நவம்பரில், பதினான்கு மாதத்தில், போய்விட்டான். மழைக்காலம். முடியிறக்கியபோது கோவிலில் போட்டது போக ஒரு கொத்தை என் மனைவி ஒரு குங்குமச் சிமிழில் எடுத்து வைத்திருந்தாள். அது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

கவிதையும் விமர்சனமும் வருகிற இந்தப் பக்கங்களில் இதை எழுத எனக்கு என்ன நியாயம் என்று கேட்டுக்கொண்டேன். மகன் செத்த கதை யாரிடமும் உண்டு. நான் சொல்ல வந்தது உவமையைப் பற்றி. ஒரு விஷயம் நமக்கு எந்த உருவத்தில் வந்து சேருகிறது, அந்த உருவம் நம்மை என்ன செய்யவைக்கிறது என்பதைப் பற்றி. அக்கா குழந்தையின் தலையில் சுண்ணாம்பைப் பார்த்தாள். அதனால் அவனைக் கொண்டாடினாள். வேறொருத்தி சாம்பலைப் பார்த்திருப்பாள். எலிகளில் இதே கோளாறு உள்ள ஓர் இனத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் உண்மையிலேயே சாம்பல் நிறத்தான் என்பதுதான்.

அது எனக்குத் தெரியவந்தது 2002-ல். என்னிடம் படித்த பையன் ஒருவன் வெளியூரில் ஆராய்ச்சியில் இருந்தான். அவனிடம் ஒருமுறை குழந்தையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். ஒரு கட்டுரையின் நகலைத் தபாலில் அனுப்பினான். ஓரத்தில் பென்சிலால், "ஸார், மயிர் நிறத்தைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தான். பாரிசில் கிளோத் கிரிசெல்லி என்கிற குழந்தை மருத்துவர் 1978-ல், அதாவது என் மகன் பிறப்பதற்கு முந்தைய வருஷம், வெள்ளி நிற மயிரும் ஓயாத காய்ச்சலும் சேர்ந்து வந்த குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 2000-ல், இதற்குக் காரணமான பிழை ராப்-27ஏ என்கிற புரதத்தின் மரபணுவில் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். நான் அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவி எழுந்து உள்ளே போய்ச் சிமிழைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட சோதனைச்சாலையில், பிள்ளைகள் போன பிறகு, ஒரு மயிரை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தேன். பக்கத்தில் ஒப்பிட என் மனைவியின் மயிர் ஒன்று. அவளுடையதில் கறுப்பு, பொடி தூவியதுபோல ஒரு சீராகப் பரவியிருந்தது. குழந்தையுடையதில் கறுப்பு இல்லாமலில்லை. இருந்தது. ஆனால் திட்டுத் திட்டாக, அங்கங்கே கட்டி தட்டிக் கிடந்தது. நடுவே ஒன்றுமில்லை. கட்டுரையில் போட்டிருந்த படமும் அதுதான். நான் இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவனிடம் கறுப்பு இருந்தது என்பது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயமாகப் பட்டது என்று இப்போதும் விளக்கத் தெரியவில்லை.

ராப்-27ஏ செய்கிற வேலையைக் கடலூர்க்காரனுக்குச் சொல்வது சுலபம். எங்கள் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரைக்கு வந்ததில்லை. ஆழம் போதவில்லை. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைக் கரைக்கும் கப்பலுக்கும் தோணிகள்தான் கொண்டுபோகும். செல்லுக்குள்ளும் இப்படித்தான். உள்ளே தயாராகும் பொருள் எதுவும் சும்மா மிதந்து விளிம்புக்குப் போய்விடுவதில்லை. சவ்வினாலான சின்னச் சின்னப் பைகளில் கட்டி, உள்ளே போட்டிருக்கும் இழைகளின் மேல் இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. தோலிலும் மயிர்க்காலிலும் கறுப்பு நிறம் இப்படிப் பைகளில்தான் போகிறது. ரத்தத்தில், நோய் பிடித்த செல்லைக் கொல்லும் வெள்ளணுக்களில், பெர்ஃபோரின், கிரான்ஸைம் என்ற விஷங்கள் இதே மாதிரிப் பைகளில் இருக்கின்றன. ஒன்று எதிராளியின் சவ்வில் துளை போடும். இன்னொன்று அத் துளை வழியே போய் அவனைச் சாகச்சொல்லும். கறுப்பைச் சுமக்கும் தோணி, விஷத்தைச் சுமக்கும் தோணி, இரண்டையும் கரையில் கட்டுகிறவன் ஒருவனே. அவன்தான் ராப்-27ஏ. அவன் வராத நாளில் கறுப்பும் கரை சேர்வதில்லை, விஷமும் கரை சேர்வதில்லை.

இதில் என்னைத் திடுக்கிடவைத்த இடம் இனிமேல்தான். விஷம் இறங்காவிட்டால் எதிராளி சாகமாட்டான்; அதனால் குழந்தை நோயில் தோற்றது என்றுதான் நான் எண்ணினேன். அப்படி இல்லை. எதிராளி சாகாதவரை கொல்லும் அணுக்களுக்கு நிறுத்தச் சொல்லித் தகவல் வருவதில்லை. அவை பெருகிக்கொண்டே போகின்றன, மற்ற அணுக்களைக் கூவிக் கூவி அழைக்கின்றன. அழைத்து வந்தவை கடைசியில் உடம்பின் சொந்த ரத்த அணுக்களையே தின்ன ஆரம்பிக்கின்றன. காய்ச்சல் அதனால். வெளிறியது அதனால். விலாவுக்குக் கீழே நான் தொட்ட கட்டி, வீங்கிய மண்ணீரல். நாம் 'எதிர்ப்பு சக்தி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். குடத்தில் இருக்கும் தண்ணீர் மாதிரி அது குறையும், ஊற்றினால் நிறையும் என்பதுபோல. விளம்பரக்காரர்கள் அதை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். என் மகனுக்கு சக்தி குறையவில்லை. அளவுக்கு மீறி இருந்தது. முடிக்கத் தெரியவில்லை. சரியாகச் சொல்லப்போனால், அது சக்தியே அல்ல. திறப்பது, சுமப்பது, கட்டுவது, இறக்குவது, நிறுத்துவது என்று வரிசையாக ஐந்தாறு வேலைகள். இதில் ஒரு வேலை நின்றுவிட்டது.

எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கலாம். பம்பாயில் அந்தச் சிகிச்சை 1983-ல் ஆரம்பித்தது, வேலூரில் 1986-ல். நவம்பர் 1980-லிருந்து இரண்டையும் கழித்துப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிக் கணக்குகள் எதற்கும் உபயோகமில்லை என்று தெரிந்தேதான் போடுகிறோம்.

உபயோகமான ஒரு கணக்கும் போட்டேன். அதைப் பற்றித்தான் எழுத இத்தனை நாள் தயங்கினேன்.

எங்களுக்கு 1983-ல் ஒரு பெண் பிறந்தாள். கறுத்த மயிர். நோய்நொடி இல்லை. 2005-ல் அக்கா தன் கடைசிப் பையனுக்கு அவளைக் கேட்டாள். தாய்மாமன், கேட்க உரிமை உள்ளவன். பையனும் நல்லவன். அக்கா அப்போது சிதம்பரத்தில் அவனோடு இருந்தாள். தட்டோடு வரவில்லை, பேச்சுக்கு வந்தாள். நான் அன்றைக்கு ஒரு நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் படம் போட்டேன். முப்பது வருஷம் கரும்பலகையில் மெண்டலின் பட்டாணியைப் போட்ட கை. மேலே அக்கா. அவளிடமிருந்து ஒரு கோடு என் மனைவிக்கு. மனைவியிடமிருந்து இறந்த பிள்ளைக்கு. இன்னொரு கோடு மனைவியிடமிருந்து எங்கள் பெண்ணுக்கு. மூன்றாவது கோடு அக்காவிடமிருந்து அவள் பையனுக்கு. ஒரு பிரதியில் பிழை இருந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டிலும் இருந்தால்தான் நோய். நோயில்லாத எங்கள் பெண் பிழையைச் சுமப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அக்கா பையனுக்கு இரண்டில் ஒன்று. இருவரும் சுமந்தால் குழந்தைக்கு நான்கில் ஒன்று. பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று.

"பன்னெண்டுல ஒண்ணா? பதினொண்ணு நல்லாயிருக்கும்ல?" என்றாள் அக்கா.

"அந்த ஒண்ணைத்தான் நாம பார்த்திருக்கோமே அக்கா."

அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். கோடுகள் எங்கிருந்து இறங்குகின்றன என்று தெரிந்துகொள்ள அது போதும். "எல்லாம் என்கிட்டேருந்து வர்றாப்பல போட்டிருக்கே. என் ரத்தத்துல குத்தம்ங்கிறியாடா? அப்ப என் பொண்ணைக் கட்டுனதே தப்புன்னு சொல்றே" என்றாள். நான் கணக்கைத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் எழுந்து அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். அடுப்படியில் நின்றிருந்த என் மனைவி ராத்திரி சாப்பாடு போடும்போது, "அம்மா கடைசியா கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியே மாமா" என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

பெண்ணை 2007-ல் வெளியில் கொடுத்தோம். அக்கா வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுச் சாப்பிடாமல் போனாள். பிறகு வருஷக் கணக்கில் நல்லது கெட்டதுக்குத் தவிர பேச்சில்லை. என் கணக்கு சரி. இன்றைக்கும் அது சரிதான். இதே நிலைமை வந்தால் திரும்பவும் மறுப்பேன். ஆனால் அந்தப் படத்தில் ஒரு பொய் இருந்தது. அது பொய் என்று நான் தெரிந்தே போட்டேனா என்பதுதான் என் கேள்வி.

அந்த வருஷங்களில் என் பழைய மாணவன் கட்டுரைகளை அனுப்பிக்கொண்டே இருந்தான். நான் ஓய்வு பெற்றிருந்தேன். படிக்க நேரம் இருந்தது. ராப்-27ஏயிலிருந்து மெதுவாகப் பக்கத்துச் சங்கதிகளுக்குப் போனேன். தோணி கரைக்கு வந்தால் மட்டும் போதாது, சரக்கை இறக்கக் கடைசியில் ஒரு உத்தரவு வேண்டும், அந்த உத்தரவு கால்சியம் என்று படித்த இடத்தில் நின்றுவிட்டேன். கால்சியம் என்றால் சுண்ணாம்பு. நான் படித்த காலத்தில் அது எலும்புக்கு, பல்லுக்கு, ரத்தம் உறைவதற்கு. மிஞ்சினால் தசைக்கு.

1880-களின் ஆரம்பத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்பவர் தவளையின் இதயத்தை உப்புத் தண்ணீரில் போட்டுத் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் உப்பைக் கரைத்தபோது துடிப்பு ஓய்ந்துவிட்டது. விசாரித்ததில், உதவியாளர் அதற்கு முன்னால் சோம்பல்பட்டுக் குழாய்த் தண்ணீரையே உபயோகித்து வந்தது தெரிந்தது. லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு உண்டு. இதயத்தைத் துடிக்கவைத்தது அதுதான். 1883-ல் இதை அவர் எழுதினார். ஒருவன் வேலையை ஒழுங்காகச் செய்யாததால் கிடைத்த உண்மை இது.

உயிருள்ள செல்லுக்கு வெளியே இருக்கும் சுண்ணாம்பு, உள்ளே இருப்பதைப் போல் சுமார் 10,000 மடங்கு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவதற்காக செல் ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. இறைப்பதை நிறுத்தினால் செத்துவிடும். ஆனால் ஒரு க்ஷணம் கதவைத் திறந்து கொஞ்சம் உள்ளே விட்டால் அதுவே தகவல். இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் வெற்றிலைதான் ஞாபகம் வந்தது. சூளையில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு. வெற்றிலையின் முதுகில் அவர் விரல் நுனி தடவுவது அரிசியளவு. அது இல்லையென்றால் வாய் சிவக்காது. கொஞ்சம் கூடினால் வெந்துபோகும்.

கதவு எது என்று 2006-ல் தெரிந்தது. அஞ்சனா ராவ் என்கிற இந்தியப் பெண்மணியின் சோதனைச்சாலையில், பிறவியிலேயே நோயைத் தாங்கமுடியாத இரண்டு குழந்தைகள் பிறந்த ஒரு குடும்பத்தைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். கதவின் வரிசையில் 91-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். கதவுக்கு ஓராய் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கர்களின் சொர்க்கவாசலைக் காக்கும் தேவதைகள். தமிழில் ஓராய் என்றால் 'நீ எண்ணிப் பார்க்கமாட்டாய்' என்று பொருள். எனக்குத் தமிழ்ப் பெயர்தான் பொருத்தமாகப் பட்டது.

கதவு திறக்கும் விதம் விநோதமானது. செல்லுக்குள் சுண்ணாம்பு சேமித்து வைத்த அறை ஒன்று உண்டு. வெள்ளணு அந்நியனைத் தொட்டதும் முதலில் அந்த அறை காலியாகிறது. அறை காலியாயிற்று என்பதை ஸ்டிம் என்ற புரதம் உணர்ந்து, போய் ஓராயைத் திறக்கிறது. வெளியிலிருந்து சுண்ணாம்பு பாய்கிறது. ஆக, கதவைத் திறப்பது ஒரு பொருள் அல்ல, வெறுமை. இந்த இடத்தில், திரைக்குப் பின்னால் வெட்டவெளியை வைத்திருக்கிற சிதம்பரத்துக்காரனின் கை பரபரக்கும். நான் அதை அனுமதிப்பதில்லை. 1975-ல் காப்ராவின் புத்தகம் நடராஜரையும் அணுத்துகள்களையும் சேர்த்துவைத்த நாளிலிருந்து, எதைக் கண்டுபிடித்தாலும் கனகசபையில் முன்பே இருந்தது என்று சொல்வதற்கு ஆள் இருக்கிறார்கள். உவமை ஒன்றை விளங்கவைக்க வேண்டும். ஏற்கனவே தெரிந்ததுதான் என்று தூங்கவைக்கக் கூடாது. வெறுமை என்று சொல்லிவிட்டால் வணங்கலாம். எத்தனை மைக்ரோமோலார் என்று கேட்டால்தான் ஒரு குழந்தைக்கு வைத்தியம் பார்க்கலாம்.

ஓராயும் ஸ்டிம்மும் சேர்கிற இடத்தில், இரண்டையும் பிடித்து நிறுத்துகிற மூன்றாவது ஒன்றை 2010-ல் கண்டார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சோனல் ஸ்ரீகாந்த், யூசாங் குவாக் ஆகியோர். அந்த அம்மாள் அதற்குமுன் பெங்களூரில் பழ ஈக்களின் கால்சியத்தை ஆராய்ந்தவர். புரதத்தின் பெயர் கிராக்கர்-2ஏ. பட்டாசு என்று அர்த்தப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகள். சுண்ணாம்பைப் பிடிக்க அதற்குக் 'கை' இருக்கிறது. இந்தக் கையின் வடிவத்தை முதலில் பார்த்தவர் அமெரிக்காவில் ராபர்ட் கிரெட்சிங்கர், 1973-ல், கெண்டை மீனின் தசையிலிருந்து எடுத்த புரதம் ஒன்றில். நீட்டிய ஆள்காட்டி விரல் ஒரு சுருள், கட்டைவிரல் இன்னொரு சுருள், இடையில் சுண்ணாம்பு. அப்பா சுண்ணாம்பு எடுக்கும் கையேதான். நான் பட்டம் வாங்கிய மறு வருஷம். செல்லுக்குள் சுண்ணாம்பு குறைவாக இருக்கும்வரை கிராக்கர்-2ஏ கதவைத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்கிறது. போதுமான அளவு உள்ளே வந்ததும் கை அதை உணர்ந்து கதவை விட்டுவிடுகிறது.

இதற்கே நான் சந்தோஷப்பட்டிருப்பேன். 2016-ல் அதே குழு இன்னொன்றைச் சொன்னது. இப் புரதத்துக்கு நீளமான ஓர் உருவமும் உண்டு; அந்த நீளமான உருவத்தின் வால் ஒரு ராப். என் மகனிடம் பழுதுபட்ட அதே வம்சம். மற்ற ராப்கள் சின்னவை. இது மூன்று நான்கு மடங்கு பெரியது. பைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளணு எதிராளியைத் தொட்டதும் தொட்ட இடத்துக்குப் பைகளோடு வந்து சேர்கிறது. 2019-ல், சுண்ணாம்பு ஏறினால் இது டைனைன் என்கிற இழுவை மோட்டாரோடு பையைப் பிணைக்கிறது என்று வேறொரு குழு காட்டியது. 2021-ல் இதன் இரண்டு பிரதிகளும் பழுதான ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கும் நோயைத் தாங்க முடியவில்லை. ஒரு முனையில் சுண்ணாம்பு தொட்ட கை. மறு முனையில் தோணி கட்டும் கயிறு. நடுவில் இரண்டையும் சேர்க்கும் நீண்ட சுருள்.

என் மகனின் பிழை இதில் இல்லை. அதை நான் நன்றாக அறிவேன். இருந்தும் இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பரங்கிப்பேட்டையில் சூளை, கடலூரில் தோணி, இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போய்வந்த ஒருவனுக்கு இது எப்படிப்பட்ட வாசிப்பு என்று நண்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அதைவிட ஒரு காரணம் உண்டு. இத்தனை கட்டுரைகளிலும் 'குற்றம்' என்கிற பேச்சே கிடையாது. எது எதோடு சேர்கிறது, எது எங்கிருந்து வருகிறது என்பது மாத்திரம். ஒரு ராத்திரி ஓராய் குடும்பத்தின் வம்சப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடுகள் நோயுற்ற குழந்தைகளின் இரு பக்கமும், அப்பா வழியும் அம்மா வழியும், மேலே போயின. அப்போதுதான் என் நாட்காட்டித் தாள் கண்முன் வந்தது.

அதில் நான் இல்லை. பிள்ளைக்கு இரண்டு பிரதி பழுதென்றால் ஒன்று அவன் அம்மாவிடமிருந்து, மற்றது என்னிடமிருந்து. என்னிடமிருந்த பழுதும் அக்காவிடமிருந்த பழுதும் ஒன்றுதான். எங்கள் இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது. படத்தை நான் ஒரு வரி கீழே ஆரம்பித்திருக்கிறேன். எங்கள் அப்பா அம்மாவைப் போடாமல், என்னையும் போடாமல், அக்காவை எல்லாவற்றுக்கும் மூலமாக உச்சியில் வைத்தேன். வாத்தியார் தன்னைப் படத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கரும்பலகைக்கு அது சரி.

2017-ல் சிதம்பரம் போனேன். அக்காவுக்கு எண்பதை நெருங்கிய வயது, பார்வை மங்கியிருந்தது. அகலப் பாதையாகிவிட்டதால் வண்டி சீக்கிரம் போய்விடுகிறது; பரங்கிப்பேட்டையில் எழுந்து நின்று பார்ப்பதற்குள் தாண்டிவிட்டது. வீட்டில் அவள் மகன், நான் பெண் தர மறுத்தவன், நாற்காலி எடுத்துப் போட்டு, "வாங்க மாமா" என்றான். அவனுக்கு வெளியில் முடித்து இரண்டு பிள்ளைகள். தாளில் போட்டால் அக்காவுக்குத் தெரியாது என்பதால், அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுச் சொன்னேன். இது அப்பா அம்மா. இது நீ, இது நான். உன்னிடமிருந்து உன் பெண்ணுக்கு, அவளிடமிருந்து பிள்ளைக்கு. என்னிடமிருந்து நேராகப் பிள்ளைக்கு. "அன்னிக்கு இந்தக் கோட்டைப் போடாம விட்டுட்டேன் அக்கா."

அவள் கொஞ்சநேரம் கையை மூடி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அப்பாகிட்டேருந்துதானா வந்துச்சு?"

"அப்பாவா அம்மாவான்னு சொல்ல முடியாது. ரெண்டு பேர்ல ஒருத்தர். அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. நமக்கும் பண்ணலை."

"நான் சொன்னேன்ல, அப்பாதான் வந்திருக்காருன்னு" என்றாள் அக்கா. வருத்தமாகச் சொல்லவில்லை, வெகுநாள் வழக்கில் தீர்ப்பு கிடைத்தவள்போலச் சொன்னாள். பிறகு, "உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா இதை?" என்று கேட்டாள்.

"முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"போய் அவகிட்ட சொல்லு. நாப்பது வருஷமா அவ தன் வயித்துமேல பழியைப் போட்டுக்கிட்டு இருக்கா."

நான் எழுந்திருக்கவில்லை. அவள் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துத் துடைத்தாள். சுண்ணாம்பு டப்பியைத் தடவித் தேடினாள். அது என் பக்கம் இருந்தது. "எடுத்துத் தடவிக் குடுடா. கண்ணு தெரியலை, கூடிப்போச்சுன்னா வெந்துடும்" என்றாள். அரிசியளவு எடுத்துத் தடவிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அக்கா போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, சிமிழைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். "இப்பவாவது பதில் சொன்னீங்களே மாமா" என்றாள்.